முகத்தைக் காட்டிப் பேசு

பிள்ளைகளின் காதை முகர்ந்து பார்க்கிற தலைமையாசிரியை ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன.

சாந்தோமில் மாதா கோயிலைச் சேர்ந்த பெண்கள் பள்ளிக்கூடம் அது. யுத்தம் முடிந்த சமயம். திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் அவர் வரிசை வரிசையாகப் போவார். ஒவ்வொரு பெண்ணின் தலையையும் ஒரு பக்கம் சாய்த்து, பின்னலை ஒதுக்கி, காதருகே மூக்கைக் கொண்டுபோய் மெல்ல இழுப்பார். சிலரிடம் மட்டும், "நீ முன் பெஞ்சுக்குப் போ" என்பார். காரணம் சொல்ல மாட்டார். அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரன் முதுகைத் திருப்பினால் தண்ணீர் ஊற்றுகிறான் என்று எட்டிப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள். காதை முகர்கிற பெண்மணியை எப்படி நம்புவேன்?

எங்கள் எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது எழுந்து வந்து, "என்னைக் கேட்டுத்தான் எழுதினியா?" என்று நிற்பார். குட்டையான உருவம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. மற்றவர்கள் பூசைக்கு மட்டும் போடுகிற முக்காட்டை அவர் நாள் முழுக்கப் போட்டிருப்பார். அதற்குள்ளே வலது காதில் கொலோன் நனைத்த பஞ்சு. அந்த வாசனை அவருக்கு முன்னால் வரும். அதன் பின்னாலேயே இன்னொரு வாடையும் வரும், பூ அழுகிய தண்ணீர் மாதிரி. காது வடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டோம்.

பேசுகிறவர்களின் கண்ணை அவர் பார்க்கவே மாட்டார். வாயைத்தான் பார்ப்பார். முதல் நாள் என் பல்லில் கீரை ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நாக்கால் துழாவிப் பார்த்தேன். அவருடைய நாற்காலி சுவரோடு ஒட்டிக் கிடக்கும். முதுகுக்குப் பின்னால் சுவர், எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் புன்னை மரமும் ஆசிரியைகளின் அறையும். எதுவும் அவர் பார்வைக்குத் தப்பாது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை.

மூன்றாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார்.

"யார்கிட்ட பேசறே?"

"பிள்ளைங்ககிட்டத்தான் டீச்சர்."

"பிள்ளைங்க இந்தப் பக்கம் இருக்காங்க. நீ பலகைகிட்ட பேசிக்கிட்டிருக்கே. முகத்தைக் காட்டிப் பேசு. முதுகைக் காட்டிப் பேசறவங்களை நான் நம்பறது இல்லை."

அத்தனை குழந்தைகளுக்கு எதிரில் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எழுதும்போது வேறு எங்கே பார்ப்பதாம்?

கடைசி பெஞ்சு விஷயத்திலும் அவரோடு எல்லோருக்கும் மனத்தாங்கல். அந்தக் காலத்தில் காது வடிகிற குழந்தை வகுப்புக்கு ஒன்றிரண்டு இருக்கும். நாற்றம் தாங்காமல் அதுகளைக் கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரமாக உட்கார வைப்பதுதான் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வழக்கம். அங்கே உட்கார்ந்து அதுகள் வெளியே காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. மந்தம் என்று எழுதிவிடுவோம். இவரோ அதுகளைத்தான் தேடிப் பிடித்து எங்கள் மூக்குக்கு நேரே முன் பெஞ்சில் கொண்டுவந்து வைத்தார். எங்களைப் பழிவாங்கவே செய்கிறார் என்று நினைத்தோம்.

புன்னை மரத்தடியில்தான் நாங்கள் மத்தியானம் சாப்பிடுவோம். கமலம் டீச்சர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே குமுறினார். அவர் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம், எங்கள் பள்ளிக்கூடத்திலேயே மூத்த கணக்கு டீச்சர், வாய் கொஞ்சம் நீளம்.

"அவாளுக்கு இந்த வேலையை விட மனசில்லை. ஆத்துல போய் உக்காந்துண்டு ஜெபமாலை உருட்டப்படாதோ?"

நாங்கள் நாலு பேர் சிரித்தோம். சுற்றிலும் ஈ காக்காய் இல்லை. பெரிய டீச்சரின் ஜன்னல் எங்கேயோ இருக்கிறது, கத்தினால்கூடக் கேட்காது. மறுநாள் காலை கூட்டம் முடிந்ததும் அவர் கமலம் டீச்சரை நிறுத்தினார்.

"ஜெபமாலை உருட்ட நேரம் வந்தா நானே உருட்டுவேன் கமலம். நீ கவலைப்படாதே."

கமலம் டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்படி ஒரு தடவை இல்லை, பல தடவை நடந்தது. மரத்தடியில் பேசினது அட்சரம் பிசகாமல் ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்குப் பாம்புச் செவி என்று முதலில் சொன்னார்கள். அவ்வளவு தூரம் எந்தப் பாம்புக்கும் கேட்காது என்று பிறகு அவர்களே முடிவு கட்டினார்கள். அப்படியானால் நாலு பேரில் ஒருத்தி போய்ச் சொல்கிறாள். புதியவள் யார்? நான்.

"ஏண்டி, நீதானே போய்ச் சொல்றே?"

"இல்லை டீச்சர். மாதா மேல சத்தியமா நான் இல்லை."

"சத்தியம் பண்றவாளை நான் நிறையப் பாத்திருக்கேன்" என்று சொல்லி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். மற்ற இருவரும் கூடவே நகர்ந்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் கோள்மூட்டி என்று பெயர். தனியாகச் சாப்பிட்டேன். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கல்யாணமாகி வந்த புதிது, மந்தைவெளி வீட்டில் மாமியாரிடம் சொல்லி அழக்கூட முடியாது. வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றிய நாட்கள் உண்டு.

நான் இல்லையென்றால் வேறு யார்? ஆயா ரோசம்மாவைச் சந்தேகப்பட்டேன். கமலம் டீச்சரே போய்ச் சொல்லிவிட்டு நாடகம் ஆடுகிறாரோ என்றும் சந்தேகப்பட்டேன். ஒருநாள் மரத்தடியில் தன்னந்தனியாக உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு, ஆற்றாமை தாங்காமல் எனக்குள்ளேயே முணுமுணுத்தேன்: "கல் நெஞ்சுக் கிழவி." அவ்வளவுதான். காற்றுக்குக்கூடக் கேட்டிருக்காது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பெரிய டீச்சர் கூப்பிட்டார்.

"கல் நெஞ்சுன்னு சொன்னது பரவாயில்லை. கிழவின்னது கொஞ்சம் அதிகம்."

சிலுவை போட்டுக்கொண்டேன். யாரும் போய்ச் சொல்லவில்லை, அது நிச்சயம். பின்னே இது என்ன? இதைக் கமலம் டீச்சரிடம் சொன்னால் நம்புவாரா? நானே நம்பவில்லையே.

இன்னொரு விஷயமும் உறுத்திக்கொண்டிருந்தது. பெரிய டீச்சர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதில்லை. கோயிலில் அந்தச் சின்ன இருட்டுக் கூண்டுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் வரிசையில் நிற்போம். உள்ளே சாமியார், நடுவில் சல்லடைத் தட்டி, இந்தப் பக்கம் முழங்காலிட்டு நம் பாவத்தைக் காதோடு காதாகச் சொல்ல வேண்டும். அவரும் காதோடு காதாகப் புத்தி சொல்லி மன்னிப்புக் கொடுப்பார். பெரிய டீச்சர் அந்த வரிசையில் நின்றதே கிடையாது. அதனால் நற்கருணை அப்பம் வாங்கவும் எழுந்து போக மாட்டார். பூசையில் ஊரே எழுந்து போகும்போது அவர் மட்டும் பெஞ்சில் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். சாமியாரிடம்கூடச் சொல்ல முடியாத பாவம் என்ன என்று சாந்தோமே தலையைப் பிய்த்துக்கொண்டது. ஒருத்தி கொலை என்றாள். இன்னொருத்தி கல்யாணமில்லாமல் பெற்ற பிள்ளை என்றாள். நான் இரண்டையும் நம்பினேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை ஜெபத்தில் பெரிய டீச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். தூணைப் பிடித்தார், பிடி கிடைக்கவில்லை. ரோசம்மா ஓடிப் போய்த் தாங்கினாள்.

"இன்னா டீச்சர், ஒடம்பு நெருப்பா கொதிக்குது! காதாண்ட பாரும்மா, எப்டி வீங்கிக் கீது!"

முக்காடு விலகியிருந்தது. வலது காதுக்குப் பின்னால் வீங்கி, காதே முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. சில நாளாக ஏதோ சல்ஃபா மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாராம். வலி அடங்கியதும் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவது என்ற பேச்சு வந்தது. கமலம் டீச்சர் என்னைப் பார்த்தார்.

"அவாளோட ஆள்தானே நீ? நீயே போ."

கை ரிக்‌ஷாவில் நானும் ரோசம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபமும் பயமுமாக இருந்தது. உடம்பு அனலாகக் கொதிக்கும்போதுகூட வேவு பார்க்க வேண்டுமா?

காது டாக்டர் இளவயசு. பட்டாளத்திலிருந்து திரும்பியவர். ஆபரேஷன் அறையிலிருந்து நேரே வந்ததால் மூக்கையும் வாயையும் மூடிய துணி அப்படியே இருந்தது. நெற்றியில் வட்டக் கண்ணாடி. பஞ்சை எடுத்துப் பார்த்தார், காதுக்குப் பின்னால் அழுத்தினார், துணிக்குள்ளிருந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பெரிய டீச்சர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"முகத்தைக் காட்டிப் பேசுங்க."

"இருக்கட்டும்மா, உள்ளே இன்னொருத்தர் படுத்திருக்காங்க. நான் உடனே போகணும்."

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பினார். "வா, வீட்டுக்குப் போகலாம். முகத்தை மூடினவனை நம்பி என் தலையைக் கொடுக்கவா?"

டாக்டர் பொறுமையாக அவருக்குப் பின்னால் போய் நின்று, "இந்தப் பக்கம் வலிக்குதா?" என்றார். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். பெரிய டீச்சர் அசையவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் மூடியிருந்தது.

அட மாதாவே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அம்மாளுக்குக் காது கேட்கவில்லை. வலது காது மட்டும் இல்லை, இரண்டுமே. மணியடித்தால் கேட்கும், கத்தினால் கேட்கும், மற்றதெல்லாம் வாயைப் பார்த்துத்தான். மரத்தடியில் நாங்கள் பேசினது ஜன்னல் வழியாக அவர் கண்ணுக்குத்தான் போயிருக்கிறது. கல் நெஞ்சுக் கிழவியும் அப்படித்தான். சுவரோரத்து நாற்காலி, பலகையைப் பார்த்துப் பேசாதே என்ற கண்டிப்பு, எல்லாம் அதுதான். இருட்டுக் கூண்டுக்குள் சாமியாரின் வாய் எப்படித் தெரியும்? அவர் என்ன கேட்கிறார் என்றே தெரியாமல் எப்படிப் பாவத்தைச் சொல்வது?

நான் அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: "இந்தப் பக்கம் வலிக்குதான்னு கேக்கறார்."

அவர் கண் என் வாயிலிருந்து முதல் தடவையாக என் கண்ணுக்கு ஏறியது. அந்தப் பார்வையில் இருந்தது நன்றி இல்லை, சந்தேகம்தான். பிறகு டாக்டரிடம், "வலிக்குது" என்றார்.

டாக்டர் சொன்னதையெல்லாம் நான் உதட்டால் சொன்னேன். நடுக்காதில் புண். சின்ன வயசிலிருந்து இருக்கிறது. எலும்பை அரித்துக்கொண்டே பின்னால் போயிருக்கிறது. எலும்புக்கு அந்தப் பக்கம் மூளை. மாத்திரையில் வலி அடங்கியது, நோய் அடங்கவில்லை. கெட்டுப்போன எலும்பைச் செதுக்கி எடுத்தாக வேண்டும். இத்தனை நாள் பட்டாளத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த பென்சிலின் ஊசி இப்போது இங்கேயும் வருகிறது, அதையும் போட்டால் பிழைக்கலாம். போன காது திரும்பி வராது.

"வடிஞ்சா நல்லதுன்னுதானே சொன்னாங்க?" என்றார் அவர். "பொறந்த வீட்டுல பூண்டு எண்ணெய் ஊத்தினாங்க. அடுத்த வீட்டுல பிள்ளை பெத்தவகிட்ட தாய்ப்பால் வாங்கி ஊத்தினாங்க. அப்புறம் ஒரு வெள்ளைக்கார டாக்டர் குழாய் வச்சு வெள்ளைப் பொடி ஊதினார். வடியறதை நிறுத்தாதே, நிறுத்தினா மூளைக்கு ஏறிடும்னார். இப்ப இவர் வடிய விட்டதுதான் தப்புங்கறார். ஆளுக்கொண்ணு சொன்னா நான் எவனை நம்பறது?"

டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு துணியை அவிழ்த்து, முகத்தைக் காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அம்மா, அவங்க பொய் சொல்லலை. அவங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். எங்களுக்கு இப்பக் கொஞ்சம் கூடத் தெரியும். அவ்வளவுதான்."

அவர் அந்த வாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரி, செய்யுங்க" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "என்னையும் கடைசி பெஞ்சுலதான் வச்சாங்க. நாத்தம்னு. மந்தம்னு பேரு வச்சாங்க. நான் மந்தமில்லை. எனக்குக் கேக்கலை. அங்கே உக்காந்து டீச்சர் வாயைப் பார்த்துப் பார்த்தே படிச்சேன்." பிறகு சட்டென்று குரல் மாறியது. "இதை யார்கிட்ட போய்ச் சொல்லப் போறே?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

சுருக்கென்று குத்தியது. உன்னால் கோள்மூட்டி என்று பெயர் வாங்கி, தனியாக உட்கார்ந்து சோறு தின்கிறேன், உனக்கு இன்னும் சந்தேகமா என்று கேட்க வாயெடுத்தேன். உதட்டை அசைத்தாலே தெரிந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கிற மேனேஜர் சாமியார் ரொம்ப நாளாகவே அவருக்கு ஓய்வு கொடுக்கச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். செவிடு என்று தெரிந்தால் மறுநாளே வேலை போகும். பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் அவர் குடியிருந்த ஒற்றை அறையும் போகும். முன் பெஞ்சுக் குழந்தைகள் திரும்பவும் கடைசி பெஞ்சுக்குப் போகும்.

மறுநாள் காலை மேனேஜர் சாமியாரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். முகத்தில் அனுதாபம், பேச்சில் ஓய்வு. "உடம்பு இப்படி இருக்கறப்போ பள்ளிக்கூடத்துப் பாரம் எதுக்கு? டாக்டரைப் பார்த்து எல்லாம் விசாரிச்சிட்டுப் போறேன்" என்றார். எனக்குத் திக்கென்றது. விசாரித்தால் டாக்டர் உள்ளதைச் சொல்லிவிடுவாரே.

"டாக்டர் இருக்கட்டும் சாமி" என்றார் பெரிய டீச்சர். "முதல்ல நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

சாமியார் திகைத்துப் போனார். நாங்கள் வெளியே வந்தோம். இருட்டுக் கூண்டு இல்லை, தட்டி இல்லை. பட்டப்பகல், ஒரு முக்காலி, எதிரெதிரே இரண்டு முகம். கொஞ்ச நேரம் கழித்துச் சாமியார் வெளியே வந்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாத முகம். டாக்டரைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

உள்ளே பெரிய டீச்சர் தலையணையில் சாய்ந்திருந்தார்.

"காது கேக்காததை மறைச்சேன், வருஷக்கணக்கா பொய்யா நடிச்சேன், மன்னியுங்கன்னு சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது, அதை வச்சு ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. அவர் வாயைப் பூட்டியாச்சு." கொஞ்சம் நிறுத்தி என் வாயைப் பார்த்தார். "உன் வாய்க்கு என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

ஆபரேஷன் நடந்தது. ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். பிழைத்தார். தலையில் கட்டோடு கிடந்தவரிடம் நர்ஸ் சொல்வதை, டாக்டர் சொல்வதை நான்தான் போய் நின்று உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பார்க்க வந்த கமலம் டீச்சர் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். படுக்கையில் கிடக்கிறவரிடம்கூடக் கோள் ஓதிக்கொண்டிருக்கிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னார்.

காது காய்ந்தது. வாடை போனது. கொலோன் பஞ்சும் போனது. பெரிய டீச்சர் திரும்ப வந்து சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சீக்கிரமே ஒரு மத்தியானம் ஆசிரியைகளின் அறையில் கமலம் டீச்சர் என் எதிரே வந்து நின்றார்.

"எனக்கு ஒரு சந்தேகம். நேத்து அவா பின்னாலேர்ந்து நாலு தடவை கூப்ட்டேன். திரும்பலை. அவாளுக்குக் காதே கேக்கலையோ? மேனேஜர் சாமியார்ட்ட போய்ச் சொல்லலாம்னு இருக்கேன்."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதற்குத்தான் பூட்டு. வெளியிலிருந்து கமலம் டீச்சர் போய்ச் சொன்னால் சாமியார் தாராளமாக நடவடிக்கை எடுக்கலாம்.

"ஆனா ஒண்ணு இடிக்கறது" என்றார் அவரே. "காது கேக்காதவாளுக்கு மரத்தடியில நாம பேசினதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது? நீ சொல்லலைன்னு மாதா மேல சத்தியம் பண்ணினே. சொல்லு, நீ சொன்னியா, இல்லையா?"

எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி! இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் சுத்தமாகிவிடும். எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் பின்னே எப்படித் தெரிந்தது என்று கமலம் டீச்சர் துருவினால், பெரிய டீச்சர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வது வெளியே வந்துவிடும். நான் எழுந்து நின்றேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் வெள்ளை முக்காடு தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்காத நேரம் ஏது? முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னேன்.

"பொய்ச் சத்தியம் டீச்சர். நான்தான் சொன்னேன். ஒண்ணு விடாம, தினமும் போய் நான்தான் சொன்னேன்."

"தெரியும்டி எனக்கு!" என்றார் கமலம் டீச்சர். அவர் முகத்தில் எத்தனை சந்தோஷம்! காது விஷயத்தை அத்தோடு மறந்தே போனார். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த வரையில் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். அந்தப் பொய்யை இன்றுவரை எந்தச் சாமியாரிடமும் நான் சொன்னதில்லை. வருத்தமில்லாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பது எப்படி?

ஜன்னலில் அவர் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து, சுவரை விட்டு இழுத்தார். அதைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.